அண்ணலின் எழுத்து யாருக்குச் சொந்தம்?

ஜனவரி 1 என்றால் நமக்கு பீமா கோரேகான் நினைவுக்கு வரும். 2017இல் அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. அதை நம்மில் பலர் கவனிக்கவில்லை. புரட்சியாளர் அம்பேத்கர் தம் வாழ்நாளில் அச்சிட்டு வெளியிட்ட நூல்களின் மீதான பதிப்புரிமை அதற்கு முந்தைய நள்ளிரவோடு முடிந்தது. அன்று முதல் அந்நூல்களை யாரும் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் பகிரலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த விடுதலை முழுமையானதல்ல. எது திறந்தது, எது இன்னும் பூட்டிக் கிடக்கிறது என்று தெரிய, கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும்.

நம் மக்களின் எழுத்து பிழைத்ததே படியெடுத்தவர்களாலும் பாதுகாத்தவர்களாலும்தான். பண்டிதர் அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கினார். வட ஆற்காட்டிலிருந்து பிழைப்புத் தேடிப்போன நம் முன்னோர் பலர் உழைத்த கோலார் தங்கவயலில் அந்த இதழுக்கு வலுவான வாசகர் வட்டம் இருந்தது. 1914இல் பண்டிதர் மறைந்த பிறகு, அவரது எழுத்துகளைச் சிறு நூல்களாக அச்சிட்டுக் காத்தது தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலை. அரசோ பல்கலைக்கழகமோ அதைச் செய்யவில்லை. 1999இல் ஞான அலாய்சியஸ் அவரது எழுத்துகளைத் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து பெருந்தொகுதிகளாக வெளிவந்தபோதுதான் தமிழ்நாடு பண்டிதரைத் திரும்பிப் பார்த்தது. இடைப்பட்ட காலத்தில் அவரைப் பூட்டி வைத்தது சட்டமல்ல, படிகள் இல்லாமைதான். எங்கோ சில வீட்டுப் பெட்டிகளில் பழைய இதழ்கள் இருந்ததால் அவர் நமக்குக் கிடைத்தார்.

அண்ணலின் கதையும் அப்படித்தான் தொடங்கியது. 1936இல் லாகூரின் ஜாத்-பாத்-தோடக் மண்டல் அவரது உரையைக் கேட்க அஞ்சி மாநாட்டையே கைவிட்டது. அவர் அந்த உரையைத் தாமே அச்சிட்டார். 1,500 படிகள் இரண்டே மாதங்களில் தீர்ந்தன. வெகு விரைவில் தமிழிலும் வந்தது. பெரியாரின் குடிஅரசு ‘ஜாதியை ஒழிக்க வழி’ என்று அதைக் கொண்டுவந்தது. எழுதியவரே பரவட்டும் என்று நினைத்த எழுத்து அது.

1956 டிசம்பர் 6க்குப் பிறகு நிலைமை மாறியது. அச்சேறாத கையெழுத்துப் படிகள் பல ஆண்டுகள் பெட்டிகளில் முடங்கின. 1979இல்தான் மகாராஷ்டிர அரசு, வசந்த் மூனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஆங்கிலத் தொகுதிகளை வெளியிடத் தொடங்கியது. அது பெரும்பணி, மறுக்கவில்லை. ஆனால் அரசு பதிப்பாளராக இருந்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். 1987இல் நான்காம் தொகுதியாக ‘இந்து மதத்தின் புதிர்கள்’ வந்தது. ராமன், கிருஷ்ணன் பற்றிய பகுதியை நீக்கச் சொல்லி மகாராஷ்டிரத்தில் எதிர்ப்பு கிளம்பியது, நூல் எரிக்கப்பட்டது. தலித் மக்கள் மும்பையில் பெருந்திரளாகக் கூடி நூலைக் காத்தார்கள். கடைசியில், இக்கருத்துகள் அரசின் கருத்துகள் அல்ல என்ற பொருளில் ஒரு குறிப்போடு அந்தப் பகுதி நின்றது.

இனி சட்டத்துக்கு வருவோம். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், எழுத்தாளர் இறந்த பின் 50 ஆண்டுகள் உரிமை தந்தது. அப்படியே இருந்திருந்தால் அண்ணலின் நூல்கள் 2007இலேயே நமக்கு வந்திருக்கும். ஆனால் 1941இல் மறைந்த தாகூரின் நூல்கள் 1991 முடிவில் பொதுவாக இருந்தன. விஸ்வபாரதியின் உரிமை போய்விடக் கூடாது என்ற குரல் எழுந்தது. உடனே ஓர் அவசரச் சட்டம், பிறகு 1992இல் திருத்தம். 50 என்பது 60 ஆனது. சாந்திநிகேதனுக்காகப் போட்ட பூட்டு நம் கதவிலும் பத்து ஆண்டு கூடுதலாகத் தொங்கியது.

இன்னொரு பூட்டு பலருக்குத் தெரியாது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, ஆசிரியர் இறந்த பின் முதன்முறையாக வெளியாகும் நூலுக்கு, வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் கணக்கிடுகிறது. அப்படிப் பார்த்தால் 1957இல் வந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ 2017 முடிவில் விடுபட்டது. 1987இல் வெளியான ‘புதிர்கள்’ 2047 முடிவு வரை விடுபடாது. பள்ளியில் தண்ணீர்க் குழாயைத் தொட முடியாத சிறுவனாகத் தாம் இருந்ததை அண்ணல் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ 1990இல்தான் நூலானது; அதற்கு 2050 வரை. தலைப்பே சொல்வதுபோல் இன்னும் காத்திருக்க வேண்டும்.

மூன்றாவது பூட்டு மொழி. மொழிபெயர்ப்புக்குத் தனிப் பதிப்புரிமை உண்டு. மூலம் விடுபட்டாலும் மொழிபெயர்ப்பு விடுபடாது. நாம் வாசிக்கும் தமிழ்த் தொகுதிகள், மத்திய அரசின் டாக்டர் அம்பேத்கர் ஃபவுண்டேஷனும் நியூ செஞ்சுரி புத்தக நிறுவனமும் சேர்ந்து 1990களில் கொண்டுவரத் தொடங்கியவை. ஆங்கிலத் தொகுதிகளை வெளியுறவு அமைச்சகமே தன் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. ஆங்கிலம் படித்தவனுக்குத் திறந்த கதவு, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக்கோ ஆம்பூர் ஷூ கம்பெனிக்கோ வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைக்குத் திறக்கவில்லை. திமிரியில் எங்களோடு வாசிக்க வரும் மாணவர்களின் கையில் அண்ணல் இருப்பது செல்போனில், யாரோ ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்பாக.

அந்தக் கோப்பைத் திருட்டு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். சட்டமே அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை. தனிப்பட்ட வாசிப்புக்கும் ஆய்வுக்குமான நியாயமான பயன்பாட்டை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. ஆசிரியரும் மாணவரும் பாடத்துக்காகப் படியெடுப்பதையும் அனுமதிக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மீது ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பெரும் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கு 2016இல் தள்ளுபடியானது இந்தப் பிரிவினால்தான். ஆனால் முழு நூலை ஆயிரம் பேர் உள்ள டெலிகிராம் குழுவில் போடுவதற்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தெரிந்தே உரிமையை மீறினால் சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு.

இங்கே நமக்குள்ளும் ஒரு பேச்சு வேண்டும். கடன் வாங்கி 500 படி அச்சிடும் நம் சிறு பதிப்பகங்களின் நூலும், போன மாதம் வந்த ஒரு தலித் பெண்ணின் கவிதைத் தொகுப்பும் அதே குழுக்களில் பிடிஎஃப்பாகச் சுற்றுகின்றன. அது அறிவுப் பரவல் அல்ல. உழைத்தவருக்குக் கூலி தராமல் அனுப்புவது. கூலி மறுக்கப்பட்டதன் வலி நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வாழும் எழுத்தாளரின் நூலைக் காசு கொடுத்து வாங்குவோம். ஒருவரால் முடியாவிட்டால் நாலு பேர் சேர்ந்து வாங்குவோம்.

அண்ணலின் எழுத்து வேறு. அதன் தமிழாக்கத்தில் அரசுப் பணம், அதாவது நம் வரிப்பணம், இருக்கிறது. வழியும் புதிதல்ல. 1949இல் பாரதியின் படைப்புகளை நாட்டுடைமையாக்கிய மாநிலம் இது. அதன்பின் எத்தனையோ எழுத்தாளர்களின் வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை தந்து நூல்களைப் பொதுவாக்கியிருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் அவற்றை யாரும் இலவசமாக வாசிக்கலாம். அதே ஏற்பாட்டை அண்ணலின் தமிழ்த் தொகுதிகளுக்கும் செய்ய முடியும். மொழிபெயர்ப்பாளருக்கும் பதிப்பகத்துக்கும் உரிய தொகையைக் கொடுத்துவிட்டு, தேடக்கூடிய எழுத்து வடிவில், பிழை திருத்தி, இணையத்தில் வைக்கட்டும். 24ஆம் பிரிவு பூட்டி வைத்திருக்கும் நூல்களுக்கு மகாராஷ்டிர அரசும் உரிமையாளர்களும் திறந்த அனுமதி தரட்டும்.

ஏப்ரல் 14க்கு மாலை போட வரும் ஒவ்வொரு கட்சிக்காரரிடமும் இந்தக் கோரிக்கையை எழுதி நீட்டுவோம். சிலைக்குப் போடும் மாலை மறுநாள் வாடிவிடும். நம் பிள்ளைகளுக்குத் தேவை அண்ணலின் புத்தகம், அவர்கள் மொழியில், அச்சமில்லாமல்.

ஜெய்பீம்.