லெவிட்டவுன்: குடியிருந்தோர் சொன்னவை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பிலடெல்பியா நகருக்கு அருகே லெவிட் அண்ட் சன்ஸ் நிறுவனம் கட்டிய புறநகர்க் குடியிருப்பு லெவிட்டவுன் ஆகும். 1958 அக்டோபரில் இங்கு முதல் குடும்பங்கள் குடியேறின. நியூயார்க், பென்சில்வேனியா மாநிலங்களுக்கு அடுத்து அந்நிறுவனம் அமைத்த மூன்றாவது லெவிட்டவுன் இது.

வரிசையாகக் கட்டப்பட்ட புறநகர் வீடுகள் மனிதர்களையும் ஒரே அச்சில் வார்த்துவிடும் என அக்கால விமர்சகர்கள் பலர் எழுதினர். இது உண்மையா என அறிய, சமூகவியலாளர் ஹெர்பர்ட் கான்ஸ் அங்கேயே வீடு வாங்கி இரண்டு ஆண்டுகள் வசித்தார். அவரது ஆய்வு 1967இல் 'தி லெவிட்டவுனர்ஸ்' என்னும் நூலாக வெளிவந்தது.

பெரும்பாலான குடும்பங்கள் மனநிறைவுடன் இருந்ததை அவர் கண்டார். சொந்த வீடும் கூடுதல் இடமும் வேண்டியே அவர்கள் அங்கு வந்திருந்தனர். ஊர் அவர்களைப் பெரிதாக மாற்றிவிடவில்லை. குறைகளும் இருந்தன. பதின்பருவத்தினருக்குப் பொழுதுபோக்க இடமில்லை. உறவினரைப் பிரிந்து வந்த பெண்கள் சிலரைத் தனிமை வாட்டியது.

ஆனால், இக்கருத்துகளைச் சொல்லும் வாய்ப்பே தொடக்கத்தில் ஒரு சாராருக்குக் கிடைக்கவில்லை. கறுப்பினத்தவருக்கு வீடு விற்க நிறுவனம் மறுத்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1960இல் நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்த பிறகே அவர்களுக்குக் கதவு திறந்தது. 1963இல் ஊர் மக்கள் வாக்களித்து, வில்லிங்பரோ என்ற பழைய பெயரையே மீண்டும் சூட்டினர். இன்று அவ்வூரில் கறுப்பினத்தவரே பெரும்பான்மையினர்.