தென்காசித் திருநகர்

தென்பாண்டி நாட்டின் மேற்கெல்லையிலே, திரிகூடமலையை அணித்தாகக் கொண்டு, சிற்றாற்றங்கரையில் விளங்குவது தென்காசி. இந்நகரிற் பிறந்து வளர்ந்த நம்மவர் பலர், ஊர்ப்பெருமையைக் கேட்டால் சாரலையும் அருவியையும் சொல்லி நின்றுவிடுகின்றனர். அருவியோ மூன்று கல் தொலைவிலுள்ள குற்றாலத்திற்குரியது. சாரற்காற்றும் ஆரியங்காவுக் கணவாய் வழியே ஆனி ஆடியில் வந்து போகும் விருந்தேயாம். நகருக்கே உரிய பெருமை வேறு. அது ஒரு பெருந்தோல்வியின் பின் எழுந்ததாகும்.

1311-இல் மாலிக்காபூரின் படையெழுச்சியாற் பாண்டியர் வலி குன்றிற்று. பின்னர் மதுரை விசயநகரத்தார் வசமாயிற்று. பழம்பதியை இழந்த பாண்டிய மரபினர் தெற்கே ஒதுங்கி வாழ்ந்தனர். அம்மரபினராகிய அரிகேசரி பராக்கிரம பாண்டியர் 1446-இல் இங்குக் காசி விசுவநாதர் ஆலயத் திருப்பணியைத் தொடங்கினார். வடகாசி சென்று வழிபட இயலாதார் பொருட்டு இறைவனே கனவிற்றோன்றிப் பணித்தருளினான் என்பது தலவரலாறு.

அவர் கோயிலிற் பொறித்துவைத்த பாடல்களுள் ஒன்றின் கருத்தே யாம் இங்கு எடுத்துரைக்க விரும்புவது. இவ்வாலயத்திற்குப் பிற்காலத்தே குறை நேர்ந்தால், அதனைத் தீர்த்துக் காப்பவர் எவராயினும் அவரடியில் யாம் வீழ்ந்து பணிவோம் என்கிறார் அரசர். அறங்காப்பார் பாதத்தைத் தலைமேற் கொள்வதாகக் கூறுதல் பிற சாசனங்களிலும் உண்டு. ஆயினும், தலைநகர் இழந்த குலத்தில் தோன்றிய மன்னர், கல்லும் சிதையும் என்பதை நன்குணர்ந்து, இன்னும் பிறவாத நம்மை நோக்கி வேண்டுகின்றார் என்றெண்ணும்போது நெஞ்சம் உருகுகின்றது. அவர் 1463-இல் மறைந்தார்.

அவர் அஞ்சியவாறே ஆயிற்று. ஒன்பது நிலை இராசகோபுரம் பிற்காலத்திற் சிதைந்து பிளவுண்டது. எம் முன்னோர் அம்மொட்டைக் கோபுரத்தையே கண்டு வாழ்ந்து மறைந்தனர். ஊராரும் வெளியூரன்பரும் முயன்று அதனை மீண்டும் எழுப்ப, 1990-இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. அன்று யாம் சிறுவர். தந்தையார் தோளில் அமர்ந்து கலசங்களைக் கண்டோம். அரசர் யாருக்கு அடிபணிந்தார் என்பதை அன்று அறிந்திலோம்.

நாடு சுருங்கியபோதும் இம்மரபினர் தமிழைக் கைவிட்டிலர். 1564-இல் முடிசூடிய அதிவீரராம பாண்டியர் நைடதமும் காசிகாண்டமும் இயற்றினார். நம் சிறுவர் ஓதும் வெற்றிவேற்கையும் அவர் வாக்கே. பாண்டியர் மதுரை நாயக்கருக்குத் திறை செலுத்திய காலம் அது என்பதை மாணாக்கர்க்குச் சொன்னால் வியப்படைகின்றனர்.

இன்று நம்மவருட் பலர் சென்னையிலும் அயல்நாடுகளிலும் வாழ்கின்றனர். முன்னோர் வீடுகள் பல பூட்டிக் கிடக்கின்றன. சாரற்காலத்தில் வருவோரும் அருவியில் நீராடி, எண்ணெய்ப் புட்டிகளையும் பழந்துணிகளையும் நீரிலிட்டு மீள்கின்றனர். அந்நீரே சிற்றாறாய்க் கோயிலருகே வருகின்றது. இதனை எழுத எமக்கு நாணமாகவே உள்ளது.

வரும் ஆடியிற் குடும்பத்தோடு வரும் சங்கத்தார், அருவிக்குச் செல்லுமுன் ஒரு நாழிகை கோயிலுள் நின்று அப்பாடலைத் தம் மக்களுக்குப் படித்துக் காட்டுவாராக. பழைய எழுத்து விளங்காதவிடத்து உடனிருந்து படித்துத்தர யாம் இசைகின்றோம்.