மேயர் விற்ற குதிரை

வேலையற்றோரைக் கண்டதும் "சோம்பேறிகள்" என்று ஏசுவது செல்வர்க்கு எளிது. "தலைவிதி" என்று தேற்றுவது பழமைக்கு எளிது. இரண்டும் பொய் என மெய்ப்பித்த வரலாறு ஒன்று அமெரிக்க நாட்டிலே உண்டு. மன்னர்களின் போர்களை மாணவர்க்கு மனப்பாடம் செய்விக்கும் நாம், இதனையும் சொல்லித்தரக் கடமைப்பட்டோம்.

1893ஆம் ஆண்டு. அந்நாட்டில் வங்கிகள் வீழ்ந்தன, இருப்புப்பாதைக் கம்பெனிகள் நொடித்தன, ஆலைகள் அடைபட்டன. டெட்ராய்ட் நகரிலே, ஜெர்மனியிலிருந்தும் போலந்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர் வீடுகளில் அடுப்பு அணைந்தது. அதே நகரின் ஓரங்களிலோ, விலை ஏறட்டும் என்று வாங்கிப் போடப்பட்ட மனைகள் புல் மண்டிக் கிடந்தன. உழைக்கக் கை உண்டு. விளையும் மண் உண்டு. இடையிலே நின்றது வேலி!

நகர மேயர் ஹேசன் பிங்க்ரீ, காலணித் தொழிலில் பொருளீட்டியவர். 1894இல் அவர், வெற்று மனைகளை ஏழைகள் பயிரிட இரவலாகத் தாரீர் என்று உரியவர்களைக் கேட்டார். நிலம் கிடைத்தது. உழவுக்கும் விதைக்கும் பணம்? தேவாலயங்களை வேண்டினார். அன்பைப் போதிக்கும் அவ்விடங்களிலிருந்து வந்த தொகையோ மிகச் சொற்பம். தம் அருமைக் குதிரையை விற்றார் மேயர்!

பயிரிடும் முறை மூன்று மொழிகளில் அச்சிட்டு வழங்கப்பட்டது. 430 ஏக்கரில் 900க்கு மேற்பட்ட குடும்பங்கள் உருளைக்கிழங்கும் அவரையும் பிற காய்களும் விளைத்தன. "உருளைக்கிழங்குப் பிங்க்ரீ" என்று எள்ளினர் சிலர். அறுவடை அவர்களுக்கு விடையளித்தது: விளைச்சலின் மதிப்பு, செலவைப் போல் பன்மடங்கு! சோம்பேறிகளா விளைத்தனர்? தலைவிதியா தடுத்தது? பிலடெல்பியா முதலிய நகரங்களும் பின்னர் இவ்வழியை மேற்கொண்டன.

ஆயினும், தோழர்களே, குறையையும் மறைத்தலாகாது. நிலம் இரவலாகவே வந்தது, உரிமையாக வரவில்லை. உழுதவன் உண்டான், மனையின் விலையேற்றமோ உடையவனையே சேர்ந்தது.

பிங்க்ரீ 1901இல் மறைந்தார். 1904இல் மக்கள் தம் காசைத் திரட்டி அவருக்குச் சிலை எடுத்தனர். 2013இல் அந்நகரம் கடன் சுமையால் நொடித்துத் திவாலானது. அதன் வெற்று மனைகளிலே எளியோர் மீண்டும் காய்கறி விளைத்தனர். பசி வந்தால் பயிரிடத் தெரிந்தவர்கள் மக்கள். அவர்கள் கேட்பது இரக்கமன்று, இடம். அதனை இரவலாகத் தருவதா, உரிமையாகத் தருவதா? ஒவ்வொரு நகரமும் விடை கூற வேண்டிய வினா இது.