எச்சரிக்கை மணி ஒலித்த பிறகு: சரக்கு விமானத் தீயின் காரணங்களைத் தேடிய வரலாறு (1973–2016)

2010 செப்டம்பர் 3 மாலை, யு.பி.எஸ். நிறுவனத்தின் ஆறாம் எண் சரக்கு விமானம் துபாயிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கிளம்பியது. போயிங் 747-400 வகை, வாங்கி மூன்று ஆண்டே ஆன விமானம். கேப்டன், துணை விமானி என இருவர் மட்டுமே அதில் இருந்தனர். புறப்பட்ட 22ஆம் நிமிடத்தில், 32,000 அடி உயரத்தை நெருங்கும்போது, முதன்மைத் தளச் சரக்குப் பகுதியில் தீ என்று எச்சரிக்கை மணி அடித்தது. அதிலிருந்து அரை மணி நேரம் முடிவதற்குள் விமானம் துபாய் நகரின் புறத்தே, நாத் அல் ஷீபாவை ஒட்டிய ராணுவ வளாகத்தில் விழுந்து நொறுங்கியது. இருவரும் இறந்தனர்.

இத்தகைய விபத்துகளில் காரணம் என்று சொல்லும்போது இரண்டு கேள்விகள் கலந்துவிடுகின்றன. தீ எதனால் பற்றியது என்பது ஒன்று. பற்றிய தீ ஏன் விமானத்தையே கொண்டுபோனது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கான சான்றைப் பெரும்பாலும் தீயே தின்றுவிடுகிறது. மிச்சத்தைக் கடல் கொள்கிறது. இரண்டாவதற்கான விடையோ விமானத்தின் வடிவமைப்பிலும் விதிப் புத்தகத்திலும் எழுத்தாகவே கிடக்கிறது. விசாரணைகளை வரிசையாக வைத்துப் படித்தால், முதல் கேள்வியைத் துரத்தியதில் இரண்டாவது நெடுங்காலம் பின்தங்கிப்போனது புலப்படும்.

சரக்கு விமானத்தின் முதன்மைத் தளம் அமெரிக்க விதிகளின்படி ‘ஈ’ பிரிவைச் சேர்ந்தது. அங்கே புகையை உணரும் கருவி இருக்கும். தீயணைக்கும் அமைப்பு இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மணி அடித்தால் விமானிகள் அப்பகுதிக்குள் செல்லும் காற்றோட்டத்தை அடைக்க வேண்டும், உள்ளழுத்தத்தைக் குறைக்க வேண்டும், சுமார் 25,000 அடி உயரத்தில் பறக்க வேண்டும். அந்த மெல்லிய காற்றில் ஆக்சிஜன் போதாமல் தீ சுணங்கிக் கிடக்கும், அதற்குள் ஏதேனும் ஓடுதளத்தை எட்டிவிடலாம் என்பதே கணக்கு. மரப்பெட்டி, காகிதம், துணி ஆகியவை எரிவதை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. அந்தச் சரக்குகளுக்கு அது பொருந்தவும் செய்தது.

கணக்கு பிசகக்கூடும் என்பதற்கான முதற்பெரும் சான்று 1973 நவம்பர் 3 அன்று பாஸ்டனில் கிடைத்தது. நியூயார்க்கிலிருந்து ஸ்காட்லாந்து சென்ற பான் ஆம் நிறுவனத்தின் 707 சரக்கு விமானத்தில் குறைகடத்தித் தொழிலுக்கான ரசாயனங்கள் இருந்தன. நைட்ரிக் அமிலப் புட்டிகளைச் சுற்றி எரியாத பொருளை அடைத்திருக்க வேண்டும், மரத்தூளை அடைத்திருந்தார்கள். விமானி அறையைப் புகை மூடியது. பாஸ்டன் ஓடுதளத்துக்குச் சற்று முன்பாக விமானம் விழுந்து மூவர் இறந்தனர். அமிலக் கசிவே காரணமாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கருதியது. ஆனால் புகையின் மூலத்தை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ அதனால் இயலவில்லை. அடுத்து வந்த அபாயகரப் பொருள் போக்குவரத்துச் சட்டமும், 1981இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு ஏற்ற 18ஆம் பின்னிணைப்பும் எதை ஏற்றலாம், எப்படிக் கட்டலாம் என்பதையே ஒழுங்குபடுத்தின. ஏற்றிய பின் தீப்பிடித்தால் என்ன செய்வது என்ற விதி பழையபடியே நின்றது.

1987 நவம்பர் 28 அன்று தென்னாப்பிரிக்க ஏர்வேஸின் ஹெல்டர்பெர்க் விமானம் மொரிஷியஸுக்கு வடகிழக்கே இந்தியப் பெருங்கடலில் விழுந்தது. முன்பகுதியில் பயணிகளும் அதே தளத்தின் பின்பகுதியில் சரக்குமாகச் சென்ற விமானம் அது. 159 பேர் மாண்டனர். ஏறக்குறைய 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து குரல் பதிவுக் கருவியை மீட்டெடுத்தார்கள். தீ தொடங்கியது சரக்குப் பகுதியின் முன்புற வலது அடுக்கில் என்று விபத்தை விசாரித்த மார்கோ ஆணையம் கண்டறிந்தது. எதனால் தொடங்கியது என்பதைக் கண்டறிய முடியவில்லை. ரகசிய ஆயுதப் பொருள் ஏற்றப்பட்டதாக எழுந்த ஊகங்கள் பல்லாண்டுகள் ஓயவில்லை. 1996 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் நியூபர்கில் அவசரமாகத் தரையிறங்கி எரிந்த ஃபெட்எக்ஸ் டிசி-10 விபத்திலும் தீயின் தோற்றுவாய் தெரியவில்லை. அதில் இருந்த ஐவரும் தப்பினர்.

அதே 1996இன் மே மாதத்தில் நடந்த வேல்யூஜெட் விபத்தைத் தனியே குறிக்க வேண்டும். அது பயணிகள் விமானம். அடித்தளத்தில் ஏற்றிய ரசாயன ஆக்சிஜன் உருளைகள் தீயை மூட்டி 110 பேர் இறந்தனர். காற்றுப் புகாத அறையில் தீ தானே அவியும் என்று நம்பிய ‘டி’ பிரிவு இதன் பிறகு ஒழிக்கப்பட்டது. 2001க்குள் பயணிகள் விமானங்களின் அத்தகைய அறைகளில் ஹேலான் வாயு தெளிக்கும் அமைப்பு பொருத்தப்பட்டது. ஏறக்குறைய அதே நம்பிக்கையில் நின்ற ‘ஈ’ பிரிவை யாரும் தொடவில்லை. இரண்டே பேர் செல்லும் விமானம் என்பதால் அவர்களுடைய உயிர் குறைந்த கணக்கில் வைக்கப்பட்டதோ என்று கேட்காமல் இந்த இடத்தைக் கடக்க முடியவில்லை.

இதற்கிடையே சரக்கின் இயல்பே மாறிக்கொண்டிருந்தது. 1991இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பழுதாலோ அடிபட்டோ சூடேறினால், இந்த மின்கலம் தன் உள்வினைகளாலேயே மேலும் மேலும் வெப்பத்தைப் பெருக்கிக்கொள்ளும். எரியக்கூடிய வாயுக்களை உமிழும். பக்கத்து மின்கலத்தையும் அதே நிலைக்குத் தள்ளும். வெளிக்காற்றைக் குறைப்பதால் மட்டும் இந்தத் தொடர்வினை நிற்காது. ஹேலான் வெளிச்சுடரை அடக்கும். உள்ளிருக்கும் வெப்பத்தைத் தணிக்காது. அமெரிக்கக் கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் அட்லாண்டிக் சிட்டி ஆய்வு மையச் சோதனைகளில் இவை துபாய் விபத்துக்கு முன்பே தெரியவந்தவை. 2006 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் தரையிறங்கி எரிந்த யு.பி.எஸ். டிசி-8 விமானத்திலும் மடிக்கணினி மின்கலங்கள் இருந்தன. காரணம் நிறுவப்படவில்லை. அதில் இருந்த மூவரும் உயிர்தப்பியதால் அந்த எச்சரிக்கை உரத்துக் கேட்கவுமில்லை.

துபாய் விமானத்தின் சரக்கில் 81,000க்கும் மேற்பட்ட மின்கலங்கள் இருந்தன. ஹாங்காங்கிலிருந்து வந்த பொதிகளில் குறைந்தது மூன்று, அபாயகரப் பொருள் என்று அறிவித்திருக்க வேண்டியவை, அறிவிக்கப்படவில்லை. ஏமனிலிருந்து இயங்கிய அல்-கொய்தா குழு விமானத்தை வீழ்த்தியது தானே என்று பின்னர் உரிமை கோரியது. வெடிப்பின் தடயம் எதுவும் இல்லை என்று கண்ட அமீரகப் பொது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம், மின்கலங்கள் இருந்த சரக்கு அடுக்கு தானே தீப்பற்றியது என்று 2013 அறிக்கையில் முடிவுசெய்தது.

அந்த அறிக்கையின் உயிரான பகுதி, மணி அடித்த பிறகான நிமிடங்களைப் பற்றியது. விமானிகள் துபாய்க்கே திரும்ப முடிவெடுத்தனர். சரக்கறையின் உட்சுவர்த் தகடுகள் விரைவிலேயே தாக்குப்பிடிக்காமல் போயின. மேற்கூரையை ஒட்டி ஓடிய கட்டுப்பாட்டுக் கம்பிகள் தளர்ந்து, கேப்டனின் கைக்கு விமானம் சரிவரப் பணியவில்லை. புகை விமானி அறையை நிறைத்தது. கேப்டனின் முகமூடிக்கு வந்த ஆக்சிஜன் நின்றது. மாற்றுக் கருவியைத் தேடி இருக்கையை விட்டு எழுந்தவர் திரும்பவில்லை. தனித்து விடப்பட்ட துணை விமானிக்கு எதிரிலிருந்த கருவிகள் தெரியவில்லை, வானொலி அலைவரிசையை மாற்ற முடியவில்லை. அருகில் பறந்த விமானங்கள் வழியாகவே உயரமும் வேகமும் கேட்டறிந்தார். மிக வேகமாகவும் உயரமாகவும் வந்ததால் துபாய் ஓடுதளத்தைத் தாண்டிப்போனார், சக்கரங்களும் இறங்கவில்லை. பக்கத்து ஷார்ஜா விமான நிலையத்துக்குத் திரும்ப 095 பாகைத் திசை சொல்லப்பட்டது. அவர் பதிவுசெய்தது 195.

மணி அடித்தபோது கத்தாரின் தோஹா விமான நிலையம் பக்கத்தில் இருந்ததே, ஏன் அங்கே போகவில்லை என்ற கேள்வியை விமர்சகர்கள் திரும்பத் திரும்ப எழுப்புகிறார்கள். அந்தத் தேர்வு விசாரணைக்குரியதுதான். ஆனால் தீ தங்களுக்கு அவகாசம் தரும் என்ற அனுமானத்தை விமானிகள் தாமாக உண்டாக்கவில்லை. ‘ஈ’ பிரிவின் விதியே அதை அவர்கள் கையில் கொடுத்திருந்தது.

துபாய் விபத்து நடந்து பதினொரு மாதம்கூடக் கழியவில்லை. 2011 ஜூலை 28 அன்று இஞ்சியோனிலிருந்து ஷாங்காய் சென்ற ஆசியானா சரக்கு விமானம், ஜேஜு தீவுக்கு மேற்கே கடலில் விழுந்தது. அதுவும் 747, அதிலும் இரு விமானிகள். தீ என்று அறிவித்ததிலிருந்து தொடர்பு அறும்வரை கிடைத்தது 18 நிமிடம். மின்கலங்களோடு எளிதில் தீப்பற்றும் வண்ணப்பூச்சும் குறைகடத்தித் தொழிலுக்கான திரவங்களும் சரக்கில் இருந்தன. பதிவுக் கருவிகளின் நினைவகம் கிடைக்காததால் எது முதலில் பற்றியது என்று கொரிய ஆய்வாளர்களால் உறுதிசெய்ய முடியவில்லை.

2012 நவம்பரில் அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இரண்டாம் கேள்வியை நேராகவே எடுத்தது: சரக்குப் பெட்டிகளுக்குள்ளேயே தீயை முன்கூட்டி உணர வழி வேண்டும், பெட்டிகள் தீயைத் தாங்க வேண்டும், சரக்கறையில் தீயணைப்பு அமைப்பு கட்டாயமாக வேண்டும். யு.பி.எஸ். முழுமுகத்தையும் மூடும் முகமூடிகளையும், புகையிலும் கருவிகளைக் காட்டும் காற்றடைத்த ஒளிபுகு உறைகளையும், தீ தாங்கும் பெட்டிகளையும் வாங்கியது. ஃபெட்எக்ஸ், பெட்டியைத் துளைத்து நுரை பாய்ச்சும் அமைப்பைத் தன் நெடுந்தூர விமானங்களில் பொருத்திவந்தது. இரண்டும் நிறுவனங்கள் தாமாகச் செய்தவை.

விதி மாறியது வேறு இடத்தில். 2016 ஏப்ரல் 1 முதல், லித்தியம் அயனி மின்கலங்களைப் பயணிகள் விமானத்தில் தனிச் சரக்காக ஏற்றுவதைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு தடைசெய்தது. சரக்கு விமானங்களில் 30 விழுக்காட்டுக்கு மேல் மின்னேற்றம் இல்லாமல் அவற்றை ஏற்றலாம். தடையால் பயணிகள் விமானத்திலிருந்து இறக்கப்பட்ட பொதிகள் சரக்கு விமானத்துக்கே வந்து சேர்ந்தன. அவற்றை ஏற்ற முதன்மைத் தளத்தில் தீயணைப்பு அமைப்பு இருந்தாக வேண்டும் என்று அந்த விதி கேட்கவில்லை.