வர்த்தகக் கல்வியில் மாணவர் ஆய்வேடு: தோற்றமும் வளர்ச்சியும்

வர்த்தக நிர்வாகம் பயிலும் மாணவர்களுள் பெரும்பாலோர் பட்டம் பெறுமுன் ஒரு தொழிற்சாலையையோ, வங்கிக் கிளையையோ, கடைத்தெருவையோ நேரில் ஆராய்ந்து, அறிமுகம், ஆய்வின் நோக்கம், முந்தைய ஆய்வுகள், ஆய்வு முறை, புள்ளிவிவரப் பகுப்பு, முடிவுகள், சிபாரிசுகள் என்னும் வரிசையில் ஓர் ஏடு எழுதிச் சமர்ப்பிக்க வேண்டும் என்பது இன்று நம் சர்வகலாசாலைகளில் வேரூன்றிவிட்ட விதி. மாணவர் பேச்சில் ‘புராஜெக்ட்’ என வழங்கும் இந்த ஏட்டின் அமைப்பு ஆதியிலிருந்தே இப்படித்தான் இருந்தது போலப் பாவித்து, சென்ற ஆண்டு மாணவரின் பிரதியைப் பார்த்து இந்த ஆண்டு மாணவர் தலைப்புகளை நிரப்பிக்கொண்டு போவதும் வழக்கமாகிவிட்டது. ஆனால் அந்தத் தலைப்புகள் ஒரே காலத்தில் ஒரே கையால் வகுக்கப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு தேசத்தில், ஒரு தேவையை முன்னிட்டு, ஒரு குறிப்பிட்ட வாசகரை எண்ணிப் பிறந்தது. ஏட்டைப் படிப்பவர் யார் என்ற வினாவுக்கு விடை மாறியபோதெல்லாம் ஏட்டின் திட்டமும் நடையும் மாறின என்பதைச் சரித்திர வரிசையில் எடுத்துக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெர்லின் தந்த ஒழுங்கு

1810-இல் நிறுவப்பட்ட பெர்லின் சர்வகலாசாலை, உபாத்தியாயர் சொன்னதை மாணவர் திருப்பி ஒப்பித்தால் போதும் என்ற பழைய முறையோடு நில்லாமல், ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து புதிய அறிவைத் தேட வேண்டும் என்ற லட்சியத்தை முன்வைத்தது. அந்த லட்சியத்துக்கு உருவம் கொடுத்தவர்களுள் முக்கியமானவர் சரித்திராசிரியர் ரான்கே. அவரைச் சூழ்ந்த சிறு மாணவர் குழாத்தில், ஒருவர் எழுதி வந்த கட்டுரையை மற்றவர் முன் படித்து, ஒவ்வொரு கூற்றுக்கும் மூல ஆவணத்தைக் காட்டி, எழும் ஆட்சேபங்களுக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. பிற்காலத்தில் அதே நகரத்தில் பொருளியல் போதித்த குஸ்தாவ் ஷ்மோலர் இம்முறையைத் தொழில், வர்த்தகம் ஆகிய விஷயங்களுக்குக் கொண்டுவந்தார். ஸ்திராஸ்பர்க் நகரத்து நெசவாளர் சங்கத்தின் வரலாற்றை ஆவணங்களிலிருந்தே எழுதிய அவருக்கு, பொருளியலின் பொது விதிகள் எவையாயினும் அவை குறிப்பிட்ட ஒரு தொழிலின் விவரங்களில் சோதிக்கப்பட்ட பிறகே ஏற்கத்தக்கவை. 1898-இல் லைப்சிக் நகரில் வர்த்தக உயர்கலாசாலை ஒன்று தோன்றியபோது, கணக்கியலும் பண்டங்களின் வரலாறும் இந்த ஆராய்ச்சிச் சூழலுக்குள் இடம் பெற்றன. இன்றைய ஆய்வேட்டில் ‘முந்தைய ஆய்வுகள்’ என்ற அத்தியாயமும் அடிக்குறிப்பும் இந்த மரபின் எச்சங்களே. அங்கே வாசகர் சக மாணவர். அவர் கேட்ட கேள்வி, இதற்கு ஆதாரம் என்ன என்பது.

ஹார்வர்டின் செருப்புக் கடைக் கணக்கு

இந்த மரபைக் கடல் கடந்து வர்த்தகக் கல்விக்குள் நாட்டியவர் எட்வின் கே என்பவர். ஷ்மோலரிடம் பயின்று 1902-இல் பெர்லினில் டாக்டர் பட்டம் பெற்ற அவர், 1908-இல் தொடங்கிய ஹார்வர்டு வர்த்தகப் பள்ளியின் முதல் தலைவரானார். போதிப்பதற்குப் பள்ளி இருந்தது, மாணவரும் வந்தனர், ஆனால் போதிக்க வேண்டிய விஷயம் எந்தப் புத்தகத்திலும் இல்லை என்பதே அவர் எதிர்கொண்ட சங்கடம். ‘சிஸ்டம்’ என்னும் வர்த்தகப் பத்திரிகையை நடத்திவந்த ஆர்ச் ஷா என்பவரின் தூண்டுதலாலும் பொருளுதவியாலும் 1911-இல் வர்த்தக ஆராய்ச்சி நிலையம் ஒன்று அங்கே அமைக்கப்பட்டது. அது முதலில் எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சாதாரணமானது: சில்லறையாகச் செருப்பு விற்கும் கடைக்கு உண்மையில் என்ன செலவாகிறது?

விசாரிக்கத் தொடங்கியவுடன் தெரிந்த செய்தி, இருவர் கணக்கு ஒரே மாதிரி இல்லை என்பது. ஒருவர் சரக்கு வந்து சேரும் வண்டிச் சத்தத்தைக் கொள்முதல் விலையில் சேர்த்தார். இன்னொருவர் அதைக் கடைச் செலவில் எழுதினார். சொந்தக் கட்டடத்தில் கடை வைத்தவர் வாடகை என்று ஒரு காசும் எழுதவில்லை. நாள் முழுதும் கல்லாவில் உட்கார்ந்திருந்த முதலாளி தம் உழைப்புக்குச் சம்பளம் போட்டுக்கொள்ளவில்லை. இந்தக் கணக்குகளைக் கூட்டிச் சராசரி கண்டிருந்தால் அது அர்த்தமற்ற எண்ணாகவே முடிந்திருக்கும். ஆகவே நிலையத்தார் முதலில் செருப்புக் கடைகளுக்கென ஒரே சீரான கணக்குப் படிவம் ஒன்றை வகுத்து, ஒவ்வொரு தலைப்பிலும் எதைச் சேர்ப்பது எதை விடுவது என்று வரையறுத்து, அதன்படி எழுதித் தரும் கடைக்காரரிடம் மட்டும் விவரம் பெற்று, 1913-இல் தங்கள் முதல் வெளியீட்டை அச்சிட்டனர். விவரம் திரட்டுவதற்கு முன் பதங்களை வரையறுக்க வேண்டும் என்னும் நியதி, மாணவர்களிடம் இன்று நாம் வற்புறுத்தும் ‘ஆய்வு முறை’ அத்தியாயத்தின் உயிர்நாடி.

இதே காலத்தில் ஷா நடத்திய வகுப்பில் ஏட்டின் மற்றோர் அங்கம் உருவாயிற்று. ஒரு தொழிலதிபர் வகுப்புக்கு வந்து தம் நிறுவனத்தில் அப்போது தீராமல் கிடந்த ஒரு பிரச்சினையை விவரிப்பார். அடுத்த கூட்டத்தில் மாணவர் ஒவ்வொருவரும் தம் ஆலோசனையை எழுத்தில் தர வேண்டும். அதற்கடுத்த கூட்டத்தில் அந்தத் தொழிலதிபரே அவற்றைப் படித்துவிட்டு வந்து விவாதிப்பார். ஏட்டின் முடிவில் ‘சிபாரிசுகள்’ எழுதும் வழக்கத்தின் ஆணிவேர் இதுவே எனலாம். சக மாணவர் ஆதாரம் கேட்டார். தொழிலதிபரோ, நாளைக் காலையில் நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். 1919-இல் பள்ளித் தலைமையை ஏற்ற வாலஸ் டொனம் சட்டக் கல்வியின் வழக்கு முறையை வர்த்தகத்துக்குக் கொண்டுவந்த பிறகு, இந்த எழுத்துப் பயிற்சி நிரந்தரமாகப் பாடத்திட்டத்தில் இடம் பெற்றது.

சென்னை மாணவரும் கிராம விசாரணையும்

இந்தியாவில் வர்த்தகக் கல்வி, பச்சையப்பர் அறக்கட்டளையார் 1886-இல் சென்னையில் தொடங்கிய வணிகப் பள்ளியிலும், 1913-இல் பம்பாயில் நிறுவப்பட்ட சிடன்ஹாம் கல்லூரியிலும் வேர்கொண்டது. ஆயினும் மாணவரைக் கொண்டு ஆராய்ச்சி நடத்தும் எண்ணம் நம் பக்கத்தில் பொருளியல் வகுப்பிலிருந்தே கிளைத்தது. ஆக்ஸ்போர்டில் தொழிலாளர் பயின்ற ரஸ்கின் கல்லூரியின் தலைவராயிருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1915-இன் இறுதியில் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். ஹார்வர்டில் எட்வின் கே எதிர்கொண்ட சங்கடமே அவருக்கும் நேர்ந்தது: ஆங்கில தேசத்துப் பாடநூல்களில் சென்னை மாகாணத்து மாணவர் கண்ட வாழ்க்கை இல்லை. அவர் கண்ட உபாயம், விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் கையில் ஒரு வினாத் தாளைக் கொடுத்தனுப்புவது. நிலம், பாசனம், பயிர், கூலி, கடன், கைத்தொழில் முதலிய தலைப்புகளில், எந்த ஊருக்குச் சென்றாலும் ஒரே வினாக்கள். மாணவர் தம் சொந்தக் கிராமத்திலோ, தமக்குப் பழக்கமான கிராமத்திலோ விசாரித்து எழுதி வந்ததன் பயன், ஸ்லேட்டர் பதிப்பித்து 1918-இல் வெளியான தென்னிந்தியக் கிராமங்களைப் பற்றிய நூல்.

அந்நூலில் இடம் பெற்ற தமிழ்க் கிராமங்கள் இருவேல்பட்டு, வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி ஆகியவை. பட்டப்படிப்பு மாணவர் எழுதிய கட்டுரைகள் நூலக அலமாரியில் மறைந்துபோயிருந்தால் வியப்பில்லை, நிகழ்ந்ததோ வேறு. 1936–37-இல் பேராசிரியர் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே கிராமங்களுக்குத் திரும்பிச் சென்று மறு விசாரணை நடத்தி 1940-இல் வெளியிட்டனர். அதன் பிறகும் தலைமுறைக்குத் தலைமுறை ஆராய்ச்சியாளர் அவ்வூர்களுக்குச் சென்று, நிலவுடைமையும் கூலியும் எப்படி மாறின என்று ஒப்பிட்டு வருகின்றனர். இந்த நீண்ட ஆயுளுக்குக் காரணம் மாணவரின் எழுத்துத் திறமை என்று சொல்வதற்கில்லை. வினாக்கள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தன. எல்லா ஊரிலும் ஒன்றாயிருந்தன. பின்வருவோர் அதே வினாவைத் திரும்பக் கேட்கும்படி பதிவாயின. இங்கே ஏட்டின் வாசகர், இன்னும் பிறவாத ஆராய்ச்சியாளர்.

குமரப்பாவின் இணைப்பு

வர்த்தகக் கல்வியும் கிராம விசாரணையும் ஒரே மனிதரில் சந்தித்த உதாரணம் ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் தொழில் நடத்திய அவர், அமெரிக்காவில் சிரக்யூஸ் சர்வகலாசாலையில் வர்த்தக நிர்வாகப் பட்டம் பெற்றபின் கொலம்பியாவில் பேராசிரியர் செலிக்மனிடம் பயின்றார். இந்தியா ஏன் ஏழையாயிருக்கிறது என்று அவர் ஒரு தேவாலயத்தில் ஆற்றிய சொற்பொழிவின் செய்தி நாளிதழில் வெளியாக, அதைக் கண்ட செலிக்மன் அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி யோசனை கூறினார். மாணவர் மனத்தில் உண்மையிலேயே எரிந்துகொண்டிருந்த வினா ஆய்வுத் தலைப்பாயிற்று; அரசாங்க நிதியும் நம் வறுமையும் பற்றிய அந்த ஆய்வு பின்னர்க் காந்தியடிகளின் ‘யங் இந்தியா’ பத்திரிகையில் தொடராக வந்தது.

தாயகம் திரும்பிய குமரப்பாவிடம் காந்தியடிகள் ஒப்படைத்த வேலை, குஜராத் வித்யாபீடத்து மாணவரைக் கொண்டு கேடா ஜில்லாவின் மாதர் தாலுக்காவை விசாரிப்பது. 54 கிராமங்களில் நடந்த அந்த விசாரணையின் அறிக்கை 1931-இல் வெளியாயிற்று. கணக்குத் தணிக்கையாளரின் கண் அதில் வெளிப்படையாகத் தெரியும்: குடியானவர் குடும்பத்தின் வரவையும் செலவையும் ஒரு வர்த்தக நிலையத்தின் கணக்கைப் போலவே எதிரெதிரே நிறுத்தி, நிலவரி எதிலிருந்து கொடுக்கப்படுகிறது என்று கேட்டது அந்த அறிக்கை. அதற்கு வாசகர் வரி வசூலிக்கும் அரசாங்கமும், வரி கொடுக்கும் குடிகளும்.

விடுதலைக்குப் பின்

1959-இல் போர்டு அறக்கட்டளையின் ஆதரவில் கார்டனும் ஹவலும் எழுதிய அறிக்கையும், கார்னகி நிதியத்துக்காகப் பியர்சன் எழுதிய அறிக்கையும் அமெரிக்க வர்த்தகப் பள்ளிகள் வெறும் தொழிற்பயிற்சிக் கூடங்களாயிருப்பதைக் கண்டித்து, புள்ளியியலும் சமூக விஞ்ஞானங்களும் அவற்றின் அஸ்திவாரமாக வேண்டும் என்று வற்புறுத்தின. அதே போர்டு அறக்கட்டளையின் துணையுடன் 1961-இல் கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தோன்றியபோது, முன்னது மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் வழியையும், பின்னது ஹார்வர்டின் வழியையும் பின்பற்றின. ஷாவின் வகுப்பில் பிறந்த எழுத்துப் பயிற்சியும் அகமதாபாத்துக்கு வந்து சேர்ந்தது. பிரச்சினையைப் பகுத்து எழுதிய அறிக்கையைக் காலக்கெடு முடியுமுன் சேர்ப்பிக்க மாணவர் விடுதியிலிருந்து ஓடும் ஓட்டமே அங்கே ஒரு மரபாகிவிட்டது. கோடை விடுமுறையில் ஏறக்குறைய இரு மாதம் ஒரு நிறுவனத்தில் தங்கி ஆராயும் வழக்கமும் பரவியது. ஸ்லேட்டரின் விடுமுறை விசாரணையும் ஷாவின் அறிக்கையும் இந்த வழக்கத்தில் ஒன்று கலந்தன.

புள்ளியியல் கருவிகள் ஏட்டில் நுழைந்ததும் இக்கட்டத்தில்தான். கார்ல் பியர்சன் 1900-இல் வகுத்த கைவர்க்கச் சோதனை, லைகர்ட் 1932-இல் அறிமுகப்படுத்திய ஐந்து படி மனப்பான்மை அளவுகோல், மகலனோபிஸ் வங்காளத்துச் சணல் விளைச்சலை மதிப்பிடும்போது வளர்த்த முன்னோட்ட விசாரணை ஆகியவை ஆய்வு முறையின் அங்கங்களாயின. ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஐயத்தைத் தீர்க்கப் பிறந்த கருவி. ஆனால் 1968-இல் தோன்றிய எஸ்.பி.எஸ்.எஸ். போன்ற கணினி நிரல்கள் பரவிய பின், ஐயமே எழாத இடத்திலும் சோதனையின் விடை கிடைத்தது. நூறு வாடிக்கையாளரிடம் படிவம் நிரப்பி வாங்கி, வயதுக்கும் திருப்திக்கும் தொடர்புண்டா என்று கைவர்க்கம் கண்டு, சேவையின் தரத்தை உயர்த்த வேண்டும் என்று சிபாரிசு செய்யும் ஏடுகள் மலிந்தன. வயதுக்கும் திருப்திக்கும் உள்ள தொடர்பை அறிந்து அந்த நிறுவனம் என்ன செய்யப் போகிறது என்ற கேள்வி அந்த ஏடுகளில் எழவில்லை. எழுப்ப வேண்டிய வாசகர் அங்கே இல்லை. ஏட்டைப் புரட்டியவர் வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் ஒருவரே. அவர் பார்த்தது அத்தியாயங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்பதை.

முடிவுரை

மேலே கண்ட வரலாற்றிலிருந்து இன்றைய மாணவருக்கும் வழிகாட்டிக்கும் கிடைக்கும் பாடம் நடைமுறைக்கு உரியது. திட்டம் வகுக்கும்போது முதல் தாளில் தலைப்பை எழுதுவதற்கு முன், இந்த ஏட்டைப் படிக்கப் போகிறவர் யார், படித்தபின் அவர் எடுக்க வேண்டிய தீர்மானம் எது என்ற இரண்டையும் இரண்டு வாக்கியத்தில் எழுதிவிட வேண்டும். சரக்குத் தேங்கிக் கிடக்கும் கடையின் முதலாளி அந்த வாசகரானால், வயதுவாரி அட்டவணை தானாகவே உதிர்ந்து, எந்தச் சரக்கு எத்தனை நாள் தங்குகிறது என்ற வினா முன்னே வந்துவிடும். கடைசிப் பக்கத்தில் வினாப் படிவத்தையும் பதங்களின் வரையறையையும் மாறுதலின்றி இணைத்து, ஏட்டைக் கல்லூரி நூலகத்தில் பிறர் எடுத்தாளும்படி வைக்க வேண்டும். அப்போதுதான் பத்தாண்டு கழித்து இன்னொரு மாணவர் அதே கடைத்தெருவுக்குச் சென்று ஒப்பிட இயலும். இவ்விரண்டுக்கும் புதிய கருவியோ கூடுதல் செலவோ வேண்டியதில்லை. வழிகாட்டி திட்ட அறிக்கையில் கையொப்பமிடுமுன் வாசகரின் பெயரைக் கேட்டாலே போதும். பெயர் சொல்ல முடியாத திட்டத்தை அவர் திருப்பி அனுப்பிவிடலாம்.