சீமெந்து இல்லாத ஊரில் எஞ்சினியர் ஆவது எப்படி?

எங்கட ஊரில் 'எஞ்சினியர்' என்பது பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொள்ளும் ஒரு பட்டம். கல்யாணப் பேச்சில் வரும், கோயில் நிர்வாகசபையில் வரும், மரண அறிவித்தலில்கூட வரும். ஆனால் ஒருவரை எஞ்சினியர் ஆக்குவது எது, அதைத் தீர்மானிக்கிறது ஆர் எண்டு கேட்டுப் பாருங்கோ. உயர்தரத்தில் மற்ஸ் படித்த நண்பர்களே, "கம்பஸ் முடிச்சால் எஞ்சினியர்தானே" என்கிறார்கள். கம்பஸ் முடித்தால் பாதிக் கிணறுதான். மிச்சப் பாதியைத் தாண்ட யாழ்ப்பாணத்து ஆக்கள் பட்ட பாட்டைப் பற்றி ஆரும் பெரிசாக எழுதுவதில்லை. தரப்படுத்தல் பற்றி எல்லாரும் எழுதியாச்சு. கலைப்பீடத்துக்காரர் நாங்கள் இதுக்குள் மூக்கை நுழைப்பது அந்த மிச்சப் பாதிக்காகத்தான்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறோம். இலங்கையில் பட்டயப் பொறியியலாளர் ஆவதற்கு மூன்று படி. ஒன்று, இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் அங்கீகரித்த நான்கு வருடப் பட்டம், அல்லது அதற்குச் சமமாக நிறுவகம் ஏற்கும் தகைமை. இரண்டு, அதற்குப் பிறகு சில வருட வேலை அனுபவமும் பயிற்சியும். ஏற்கெனவே பட்டயம் பெற்ற ஒருவர் அதைப் பார்த்திருக்க வேணும், கையெழுத்து வைக்க வேணும். மூன்று, செய்த வேலையை அறிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டு மூத்த பொறியியலாளர்கள் முன் நேர்முகப் பரீட்சைக்கு இருப்பது. இந்தத் தூணை ஏன் இங்கே வைத்தாய், இந்த முடிவை எடுத்தது நீயா உன்ர மேலதிகாரியா என்று கேட்பார்கள். இதெல்லாம் ஆங்கிலத்தில்.

இந்த ஏற்பாடு லண்டனிலிருந்து வந்தது. 1818இல் அங்கே தொடங்கிய சிவில் பொறியியலாளர் நிறுவகத்துக்கு 1828இல் அரச பட்டயம் கிடைத்தது. 'பட்டயம்' என்ற சொல் எங்களுக்குச் செப்பேட்டை ஞாபகப்படுத்தும். விஷயமும் கிட்டத்தட்ட அதுதான். ராசா எழுதிக் கொடுத்த உரிமை. அனுபவமுள்ளவனுக்குக் கீழே நின்று பழகி, அவன் 'இவன் போதும்' எண்டு சொன்னால் உள்ளே வரலாம். கொல்லன் பட்டறையிலும் கோயில் ஸ்தபதியிடமும் நடப்பதை எழுத்தில் போட்டு, பரீட்சையும் சந்தாவும் சேர்த்தால் லண்டன் முறை வந்துவிடும் என்பது எங்கட அபிப்பிராயம்.

கொழும்பில் 1906இல் இலங்கைப் பொறியியல் சங்கம் தொடங்கியது. விமலசுரேந்திர நீர்மின்சாரம் பற்றிய தன்னுடைய புகழ்பெற்ற கட்டுரையை 1918இல் வாசித்தது அந்தச் சங்கத்தில்தான். 1968இல் பாராளுமன்றச் சட்டம் ஒன்றின் மூலம் நிறுவகம் கூட்டிணைக்கப்பட்டது. ஆனால் நீண்ட காலம் பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளைத் தந்தது லண்டன்தான். 1893இல் கொழும்பில் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர்களும் பட்டத்துக்கு லண்டன் பரீட்சையையே எழுதினார்கள்.

இதில் யாழ்ப்பாணத்துக்கு ஒரு முந்துதல் இருந்தது, ஆங்கிலம். அமெரிக்க மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினறி தொடங்கியதிலிருந்து ஆங்கிலம் படித்த ஒரு கூட்டம் இங்கே வளர்ந்தது. மலாயாவின் றெயில்வேக்கும் பொதுவேலைப் பகுதிக்கும் கப்பலேறிய எங்கட பூட்டன்மார் அந்தக் கூட்டம்தான். ஆனால் பெரும்பாலும் போனது கிளாக்கர், ஸ்டேஷன் மாஸ்டர், ஓவசியர் வேலைக்கு. எஞ்சினியர் கதிரை வெள்ளைக்காரனுக்கு. இன்னொன்றும் கவனிக்க வேணும். மானிப்பாயில் டொக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்து, தமிழில் நூல்களும் வெளியிட்டார். பொறியியலுக்கு அப்படி ஒரு கிறீன் வரவில்லை.

1950இல் இலங்கைப் பல்கலைக்கழகம் பொறியியல் பீடத்தைக் கொழும்பில் தொடங்கியது. 60களின் நடுவில் அது பேராதனைக்குப் போனது. முதலாவது படியை இனி நாட்டுக்குள்ளேயே ஏறலாம். ஹாட்லிக் கல்லூரியில் படித்த வடமராட்சிப் பெடியன் அழகையா துரைராஜா அந்தப் பீடத்தில் 1957இல் பட்டம் பெற்றுக் கேம்பிரிட்ஜ் போனார். பாரம் ஏற ஏறக் களிமண் எந்த இடத்தில் இளகிக் கொடுக்கும் என்பது பற்றி ரொஸ்கோ, ஸ்கோபீல்ட் ஆகியோரோடு சேர்ந்து அவர் 1963இல் வெளியிட்ட கட்டுரை, மண் பொறியியல் படிக்கிற ஆக்கள் உலகம் முழுக்க இன்றும் தொடுகிற ஒன்று. அந்த ஆய்விலிருந்து வளர்ந்த மாதிரிக்கு அங்கே ஓடும் ஆற்றின் பெயரால் 'கேம் களி' எண்டு பெயர்.

பிறகு 1971 வந்தது. பொறியியலுக்கு 400 புள்ளியில் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 போதும், தமிழ் மொழிமூல மாணவருக்கு 250 வேணும். இந்த இரண்டு இலக்கமும் எங்கட அரசியலை எவ்வளவு மாற்றின என்று உங்களுக்குத் தெரியும், அதைத் திருப்பிச் சொல்லப் போவதில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேணும். பின்னால் வந்த மாவட்டக் கோட்டாவால் யாழ்ப்பாணம் இழந்தது உண்மை. அதே கோட்டாவால் மன்னாரிலும் வன்னியிலும் ஒரு பல்கலைக்கழகத்தையும் கண்ணால் காணாத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் போனதும் உண்மை. இரண்டாவது உண்மையை யாழ்ப்பாணத்தில் சத்தமாகச் சொல்ல ஆக்களில்லை.

ஆனால் தரப்படுத்தல் அடித்தது முதலாவது படியில். இரண்டாவது படியை உடைத்தது யுத்தம்.

யோசித்துப் பாருங்கோ. அனுபவம் எடுப்பதற்கு வேலைத்தளம் வேணும், அங்கே பட்டயம் பெற்ற ஒருவர் நிற்க வேணும். 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் நின்றது. அந்த வருடம்தான் யாழ்தேவியும் நின்றது. குடாநாடு தேசிய மின்வலையமைப்பிலிருந்து அறுந்தது. பொருளாதாரத் தடையில் எரிபொருள், பற்றரி, இரும்பு, சீமெந்து எல்லாம் தடைசெய்யப்பட்ட பொருள்கள். சீமெந்து வர முடியாத ஊரில் ஒரு சிவில் பட்டதாரி எந்தத் தூணைக் காட்டி எந்த அறிக்கையை எழுதுவது? நேர்முகப் பரீட்சைக்குக் கொழும்புக்குப் போறதெண்டால் கிளாலிக் கடலை இரவில் கடக்க வேணும்.

அந்தக் காலத்தில் இங்கே பொறியியல் இருக்கவில்லை என்று நினைத்தால் அது பிழை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோவைக் கையால் சுற்றி ரேடியோ கேட்டார்கள். பனங்குற்றியை அடுக்கிப் பதுங்குகுழிக்குக் கூரை போட்டார்கள். எத்தனை குற்றி, மேலே எவ்வளவு மண் எண்டு கணக்கு வைத்திருந்தவர் ஊரில் ஒருவராவது இருந்தார். அவருடைய கணக்குப் பிழைத்தால் சனம் சாகும். பொறுப்பு என்று நேர்முகப் பரீட்சையில் கேட்கிறார்களே, இதைவிடப் பெரிய பொறுப்பு எது? ஆனால் இதில் ஒன்றையும் எந்த விண்ணப்பப் படிவத்திலும் நிரப்ப முடியாது.

1988 தொடக்கம் 1994இல் இறக்கும்வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் அதே துரைராஜா. பேராதனைப் பொறியியல் பீடத்துக்குப் பீடாதிபதியாக இருந்தவர், அந்தக் காலத்தில் சைக்கிளில் கம்பஸுக்கு வந்து போனார் என்று இன்றும் சொல்வார்கள். உலகம் அறிந்த பொறியியலாளர் தலைமை தாங்கிய பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இல்லை.

அந்த வருடங்களில் பலர் வெளிக்கிட்டார்கள். போன இடத்தில் இன்னொரு கதவு. கனடாவின் ஒன்ராறியோவில் உரிமம் இல்லாமல் தன்னை எஞ்சினியர் என்று சொல்லவே சட்டம் விடாது. உரிமத்துக்கு நான்கு வருட அனுபவம், அதில் 12 மாதம் கனடாவில் உரிமம் பெற்ற ஒருவருக்குக் கீழே. கனடா அனுபவம் இல்லாவிட்டால் வேலை இல்லை, வேலை இல்லாவிட்டால் கனடா அனுபவம் இல்லை. ரொறன்ரோவில் டாக்ஸி ஓடின எஞ்சினியர் மாமா பற்றி எங்களில் பலருக்கு வீட்டில் ஒரு கதை இருக்கும். அந்த 12 மாத நிபந்தனையை ஒன்ராறியோ 2023 மே மாதம்தான் நீக்கியது. மாமாமார் ஓய்வு பெற்ற பிறகு.

இங்கே பீடம் வந்தது 2014இல், கிளிநொச்சி அறிவியல் நகரில், முதல் அணி மாணவர்களோடு. அதே வருடம் இலங்கை வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு அங்கத்துவம் பெற்றது. நிறுவகம் அங்கீகரிக்கும் பட்டங்களைக் கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா போன்ற நாடுகளின் அமைப்புகளும் சமமானதாக ஏற்கும். 2017இல் 4ஆம் இலக்க பொறியியல் பேரவைச் சட்டம் வந்தது. பட்டயம் என்பது அதுவரை ஒரு கௌரவம், ஒரு பதவி உயர்வு. இனிப் பேரவையில் பதிவு இல்லாமல் தொழில் செய்ய முடியாது. பட்டயப் பொறியியலாளர் தொடக்கம் தொழில்நுட்பவியலாளர் வரை எல்லாருக்கும் பதிவு. வைத்தியர்களுக்கு 1927இலேயே மருத்துவக் கட்டளைச் சட்டம் இருந்தது. பாலம் கட்டுகிற ஆக்களுக்கு இன்னும் 90 வருடம் பிடித்தது. சட்டம் வந்தது நல்லதுதான் என்பது எங்கட கருத்து. பாலம் விழுந்தால் ஆரைக் கேட்பது எண்டு சனத்துக்குத் தெரிய வேணும்.

ஆனால் சட்டம் இறுகினால் அந்த இரண்டாவது படியும் இறுகும். கிளிநொச்சியில் படித்து முடிக்கிறவர்கள் இப்ப வேலைத்தளம் தேடுகிறார்கள். பெரிய வேலைகளும் பெரிய கொம்பனிகளும் கொழும்பில். கன பேர் பஸ் ஏறிப் போகிறார்கள், சிலர் அங்கேயிருந்து பிளேன் ஏறுகிறார்கள்.

வடக்கில் வேலை இல்லை என்றும் இல்லை. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் ஒரு திட்டம் வரைந்தார். ஆனையிறவுக் களப்பில் மழைநீரைத் தேக்கி, முள்ளியானில் ஒரு கால்வாய் வெட்டி, வடமராட்சிக் களப்பு வழியாக உப்பாறு வரை நன்னீராக்கி, 'யாழ்ப்பாணத்துக்கு ஒரு நதி' கொண்டுவருவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் கட்டப்பட்டன. கால்வாய் முடியவில்லை. 2024 ஓகஸ்டில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்தார்கள். முள்ளியான் பக்கத்தில்தான் இருக்கிறது. முதலாவது திட்டத்தின் மிச்சத்திலும் இரண்டாவது நிலையத்தின் பராமரிப்பிலும் பல வருடத்துக்கு அறிக்கை எழுதுமளவுக்கு வேலை கிடக்கிறது. கையெழுத்து வைக்கப் பட்டயம் பெற்ற ஒருவர் இந்தப் பக்கம் நின்றால் போதும்.