வயதின்படியா, பாடத்தின்படியா? கல்முனைக் கரையோர முஸ்லிம் வீடுகளில் பலவயதுக் கற்றல்

1. சிக்கல்

2020 மார்ச் 13 அன்று இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபோது, மருதமுனை தொடங்கிப் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் பாடசாலையின் வேலை வீட்டின் தலையில் விழுந்தது. நான்கைந்து பிள்ளைகள் உள்ள வீட்டை எண்ணிப் பார்க்கலாம். ஒருவர் க.பொ.த. சாதாரண தரத்துக்கும் மற்றவர் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கும் தயாராவார். கடைக்குட்டி அப்போதுதான் எழுத்துக் கூட்டும். ஒன்பது வயதாகியும் வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளையும் அங்கே இருக்கக்கூடும். வாட்ஸ்அப்பில் பாடங்கள் தரவாரியாக வந்தன; அரச தொலைக்காட்சியின் ‘குரு கெதர’ நிகழ்ச்சியும் தரவாரியாகவே ஓடியது. கைபேசி ஒன்று, உம்மா ஒருவர், தரங்களோ நான்கு.

பிள்ளைகள் பலராக இருந்ததுதான் அந்த வீட்டின் திணறலுக்குக் காரணம் என்று சொல்வது எளிது. பலவயதுப் பிள்ளைகள் கூடியிருந்த இடத்தில் வயதுவாரி வகுப்பை நடத்த முயன்றதே உண்மையான காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். அந்தப் பிள்ளைகள் அனைவரும் தரம் பிரியாத இன்னொரு வகுப்பில் ஏற்கனவே பழகியவர்கள். அதுதான் குர்ஆன் ஓதப் பழக்கும் ஓதப்பள்ளி. அதன் ஒழுங்கு வீட்டுக் கற்றலுக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கும், அதற்கான உழைப்பை யார் தருகிறார் என்ற இரண்டு வினாக்களையும் சேர்த்தே ஆராய வேண்டும்.

2. குடியும் வளவும்

மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969இல் இதே கரையோரத்தின் அக்கரைப்பற்றில் களஆய்வைத் தொடங்கினார். அதன் முழு விளைவு 2008இல் நூலாக வந்தது. இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பகிர்ந்துகொள்வதையும், மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்கப்படுவதையும், மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்து வாழ்வதையும் அவர் விரிவாகப் பதிவு செய்தார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், அடுத்த மகளுக்கான வீட்டைப் பெரும்பாலும் அருகிலேயே எழுப்புகிறார்கள். அக்காள் தங்கையரின் வீடுகள் ஒரே வளவிலோ அடுத்தடுத்த வளவுகளிலோ அமைந்துவிடுகின்றன.

கல்வி ஆய்வுக்கு இதன் பொருள் முக்கியமானது. இங்கே பெரிய குடும்பத்தை ஒரு தாய் பெற்ற பிள்ளைகளின் எண்ணிக்கையால் மட்டும் அளக்க முடியாது. சாச்சியின் பிள்ளைகளும் பெரியம்மாவின் பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் வளர்கிறார்கள். பிள்ளைகளைக் கவனிக்க மூத்தம்மா (பாட்டி) அருகிலேயே இருக்கிறார். அமெரிக்காவில் ஜோன் ஹோல்ட் 1977இல் வீட்டுக்கல்விக்கென ஓர் இதழைத் தொடங்கியபோது, அவர் மனக்கண்ணில் இருந்தது பாடசாலையை விட்டு விலகிய தனிக்குடும்பம். கல்முனைக் கரையின் வளவு பாடசாலையை விட்டு விலகியதே இல்லை. பாடசாலை முடிந்த பிறகும் அங்கே கற்றல் நடந்தது, அவ்வளவுதான்.

3. ஓதப்பள்ளியின் ஒழுங்கு

பள்ளிவாசலை ஒட்டியோ, ஓதிக்கொடுக்கும் லெவ்வையின் வீட்டு விறாந்தையிலோ கூடும் ஓதப்பள்ளியில் ஐந்து வயதுப் பிள்ளையும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையும் ஒரே பாயில் அமர்வதுண்டு. ஒன்று ‘அலிபு, பே’ சொல்லும். இன்னொன்று அம்ம ஜுஸுவில் நிற்கும். மூத்தது குர்ஆனின் நடுவில் இருக்கும். குர்ஆனின் 114 அத்தியாயங்களில் கடைசி 37 அத்தியாயங்கள் அடங்கிய முப்பதாம் பாகமான அம்ம ஜுஸுவே தொடக்கநிலைப் பிள்ளைக்குரிய பகுதி. சிறிய அத்தியாயங்கள் நூலின் இறுதியில் இருப்பதால் பிள்ளை பின்னிருந்து முன்னோக்கி நகர்கிறது. நூலின் வரிசையைக் கற்போனின் வலுவுக்கு ஏற்பத் திருப்பிப்போடும் இந்தத் துணிவு, எந்தப் பாடத்திட்ட வல்லுநரும் மதிக்கத்தக்கது.

இம்முறையின் இயக்கம் எளிமையானது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனக்கென ஒரு பாடம் உண்டு. லெவ்வை ஒருவரை அழைத்துப் பாடம் கேட்கும்போது மற்றவர்கள் உரக்க ஓதிக்கொண்டிருப்பார்கள். நேற்றைய பாடம் சரியாக வந்தால் இன்று அடுத்தது; வராவிட்டால் அதுவே மறுபடியும். முன்னே சென்ற பிள்ளை பின்னே நிற்பவரின் பாடத்தைக் கேட்டுத் திருத்தும். ஆண்டு முடிந்துவிட்டது என்பதற்காக எவரும் மேலே ஏற்றப்படுவதில்லை. பாடசாலையில் ‘தரம் 4’ என்பது பிள்ளையின் வயதைச் சொல்கிறது. ‘அம்ம ஜுஸுவில் நிற்கிறான்’ என்பது அவனுக்கு எது தெரியும் என்பதைச் சொல்கிறது.

4. சென்னை வழி இலண்டன்

பிள்ளையே பிள்ளைக்குக் கற்பிக்கும் முறை இலங்கையின் கிழக்குக் கரைக்கு மட்டும் உரியதன்று. 1789இல் சென்னை எழும்பூரின் இராணுவ அநாதை ஆண் பிள்ளைகள் இல்லத்தைப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தம் ஆசிரியர்கள் அதைப் பின்பற்ற மறுத்தபோது எட்டு வயது மாணவன் ஒருவனிடம் எழுத்து வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட அறிக்கையிலிருந்து ‘மதராஸ் முறை’ ஐரோப்பாவில் பரவியது. திண்ணைப் பள்ளியில் மற்றப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை இது. ஆனால் பெல் அதைப் பெருந்தொகைப் பிள்ளைகளுக்கான மலிவு வழியாகவே விற்றார். பாடத்தைத் தனித்தனியே கேட்கும் நிதானம் அதில் கரைந்து, ஒரே கட்டளைக்கு எல்லோரும் இயங்கும் அணிவகுப்பு மிஞ்சியது. மூத்த பிள்ளையிடம் பொறுப்பைக் கொடுப்பது மட்டும் ஒரு முறையைக் காப்பாற்றாது என்பதற்கு இதுவே சான்று.

கற்பிக்கும் மூத்த பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது? உளவியலாளர்கள் ராபர்ட் ஸாயன்ஸும் கிரெகரி மார்கஸும் 1975இல் முன்வைத்த கோட்பாடு, பிள்ளைகள் கூடக்கூட வீட்டின் சராசரி அறிவுச்சூழல் நலியும் என்றது. ஆனால் தம்பி தங்கைக்குச் சொல்லிக்கொடுக்கும் வாய்ப்பு மூத்தவரின் அறிவை வளர்க்கும் என்றும், அந்த வாய்ப்பு இல்லாததே ஒற்றைப்பிள்ளையின் குறை என்றும் அது விளக்கியது. அக்கோட்பாட்டின் முதற்பகுதி பின்னர் கடுமையாக எதிர்க்கப்பட்டது. சொல்லிக்கொடுத்தவருக்கே பாடம் நிலைக்கும் என்பதோ ஓதப்பள்ளியில் இருந்த எவருக்கும் தெரிந்த செய்தி.

5. மூன்று தடைகள்

ஓதப்பள்ளியின் ஒழுங்கை வீட்டுக் கற்றலுக்குக் கொண்டுவருவதில் முதல் தடை மனனம். ஓதப்பள்ளியில் பிள்ளை கற்பது பொருள் அறியாத ஒரு மொழியின் ஒலியை. சரியா, பிழையா என்பதைக் காதால் தீர்க்கலாம். கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் அது போதாது. விடை சரியாக இருந்தும் விளக்கம் பிழைக்கலாம். ஆகவே வீட்டுக்குள் எடுத்துவரத்தக்கது பாடத்தைக் கேட்கும் ஒழுங்கு மட்டுமே. ‘சொல்லு’ என்பதோடு நில்லாமல் ‘ஏன் என்று சொல்லு’ என்றும் கேட்க வேண்டும்.

இரண்டாவது, திறன் வேறுபட்ட பிள்ளை. தரம் பிரியாத வகுப்பு மெதுவாகக் கற்பவரைப் பொறுக்கும் என்பது பாதி உண்மை. ஒரே பாடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் பிள்ளைக்குப் பிரம்பும் ‘மண்டை’ என்ற பட்டமும் கிடைத்ததும் அதே பாயில்தான். காது கேளாத பிள்ளைக்கு ஒலியால் நடக்கும் வகுப்பில் இடமே இல்லை. இந்த இடத்தில் நல்ல முன்மாதிரி மருதமுனையின் கைத்தறி வீடு. அங்கே நூல் சுற்றவும் நிறம் பிரிக்கவும் இழை எண்ணவும் வேலைகள் உண்டு. ஒவ்வொன்றும் முழு வேலை, ஒவ்வொன்றும் சேலைக்குத் தேவை. பின்தங்கிய பிள்ளைக்கு எளிய பாடத்தைக் கொடுத்தால் போதாது; மற்றவர்களுக்குப் பயன்படும் ஒரு பங்கும் அதனிடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது தடையே மிகக் கனமானது. வீட்டில் சட்டாம்பிள்ளை யார்? பெரும்பாலும் மூத்த பெண்பிள்ளை. காக்கா (அண்ணன்) வெளியே போயிருக்க, ராத்தா (அக்கா) சோறு வடித்தபடியே தம்பிக்கு வாய்ப்பாடு கேட்பாள். தாய்வழி வளவில் பெண்ணுக்கு வீடு உண்டு. அந்த வீட்டில் அவளுக்கென்று ஒரு மணித்தியாலம் இருப்பது நிச்சயமில்லை. சொல்லிக்கொடுத்தால் அறிவு வளரும் என்ற வாதத்தை அவளிடம் சொல்லும் முன், அவளது பாடத்தைக் கேட்பவர் யார் என்று வினவ வேண்டும்.

6. பாடசாலையின் இடம்

1942இல் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக வந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் இப்பகுதி முஸ்லிம்களின் கல்விப் பின்னடைவை நேரில் கண்டு, கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கம் உருவாகத் துணைநின்றார். அவர் தேடியது பாடசாலையையும் புலமைப்பரிசிலையுமே. 1945இன் இலவசக் கல்வி அந்த வழியைத் திறந்தது. 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கும்வரை அது நீண்டது. வளவுக்குள் மட்டும் கற்று இந்தத் தூரத்தைக் கடந்திருக்க முடியாது. பெண்பிள்ளைக்கு வீட்டுவேலையின் பிடிக்கு வெளியே சில மணித்தியாலங்களைத் தந்ததும் பாடசாலைதான்.

ஆகவே இக்கட்டுரை வீட்டுக்கல்வியைப் பாடசாலைக்கு மாற்றாக முன்மொழியவில்லை. பிள்ளைகள் ஒன்றாக இருக்கும் மாலைப் பொழுதிலும், வெள்ளமோ தொற்றோ பாடசாலையை மூடும் நாட்களிலும், வீடு தரவாரி நேரசூசியை நகலெடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது நிற்கும் இடத்திலிருந்து ஒரு பாடம், நாளுக்கு ஒருமுறை அதைக் கேட்க ஒருவர் என்ற ஒழுங்கு போதும். கேட்பவர் வாப்பாவாகவும் இருக்கலாம், காக்காவாகவும் இருக்கலாம். அந்த முறைவரிசையில் ராத்தாவின் பெயர் கேட்பவர் பட்டியலில் மட்டும் இருந்து, கேட்கப்படுபவர் பட்டியலில் இல்லாமற்போனால், அவ்வீட்டில் ஒரு பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டது என்றே கொள்ள வேண்டும்.